குறியும் குழுமமும்: கூட்டு உடற்பயிற்சி மரபில் கொத்துக்குறி – ஒரு வரலாற்று நோக்கு

உடற்பயிற்சி என்பது தனிமனிதனின் உடல்நலம் பற்றிய தனிப்பட்ட விவகாரம் என்னும் கருத்து இன்று பரவலாக நிலவுகின்றது. வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து இக்கருத்து மிகப் பிற்பட்டது என்பது புலனாகும். கடந்த இரு நூற்றாண்டுகளிலும் உடற்பயிற்சி பெரிதும் கூட்டுச் செயலாகவே வளர்ந்து வந்துள்ளது. முன்பின் அறியாத பலர் ஓரிடத்திற் கூடி ஒரே அசைவை ஒரே வேளையிற் செய்யும்போது அவர்களிடையே 'நாம்' என்னும் உணர்வு தோன்றுகின்றது. அவ்வுணர்வு பயிற்சி முடிந்த பின்னரும் நிலைத்து நிற்பதற்குச் சில அடையாளங்கள் வேண்டப்பட்டன. சீருடை, விளிமுறை, வாழ்த்துச்சொல், இலச்சினை ஆகியன அவ்வாறு தோன்றியவையே. இவை அனைத்தையும் ஒருசேரக் குழுக்குறி எனலாம்.

இணையவழி உடற்பயிற்சி வகுப்புக்களிலே பயன்படுத்தப்படும் ஹேஷ்டேக், அதாவது தமிழிற் கொத்துக்குறி எனச் சிலர் வழங்கும் அடையாளச் சொல், இக்குழுக்குறி மரபின் அண்மைக்கால வடிவமாகும். இதனை வெறும் விளம்பர உத்தி என்று ஒதுக்குவோரும் உளர். எல்லைகளைக் கடந்த புதிய சனநாயகம் என்று போற்றுவோரும் உளர். இரு சாராரும் அதனை முன்வரலாறு அற்றதொன்றாகவே கொள்கின்றனர். குறியைப் படைத்தோர் யாவர், அது வழங்கிய இடம் எது, அவ்விடம் யாருடைய உடைமை என்னும் மூன்று வினாக்களை முன்வைத்துக் கூட்டு உடற்பயிற்சியின் வரலாற்றுக் கட்டங்கள் சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முற்றமும் நான்கு எழுத்துக்களும்

1811 ஆம் ஆண்டு பேர்லின் நகரின் புறத்தே அமைந்த ஹாசன்ஹைட என்னும் வெளியிலே பிரீட்ரிக் லுட்விக் யான் என்னும் ஆசிரியர் ஒரு பயிற்சி முற்றத்தைத் திறந்தார். நெப்போலியனின் படைகளிடம் பிரசியா தோல்வியுற்றிருந்த காலம் அது. மாணவரும் கைவினைஞரின் புதல்வரும் அங்கு ஒன்றாகப் பயின்றனர். சாயமிடாத சாம்பல்நிறச் சணல்நூல் ஆடையையே அனைவரும் அணிந்தனர். செல்வந்தன் வறியவன் என்ற வேற்றுமை உடையாற் புலப்படாதிருத்தல் வேண்டும் என்பது யானின் கருத்து. 'நீர்', 'தாங்கள்' என்னும் மரியாதை வழக்குகளைத் தவிர்த்து ஒருவரையொருவர் 'நீ' என்றே விளித்தனர். நிலவுடைமைச் சமூகத்தின் படிநிலைகள் ஒவ்வொரு சொல்லிலும் பேணப்பட்ட சூழலில் அவ்விளிமுறை சிறியதொரு கலகமாகவே இருந்தது.

யானின் தேசியவாதம் குறுகியது என்பதும், பிரெஞ்சுக்காரர் மீதும் யூதர் மீதும் அது பகைமை பாராட்டியது என்பதும் மறைக்கத்தக்கனவல்ல. பெண்களுக்கும் அம்முற்றத்தில் இடமிருக்கவில்லை. எனினும் அரசுக்கு அச்சந்தந்தது அங்கு உருவான ஒன்றிணைவேயாகும். 1819 இல் எழுத்தாளர் கொட்சபூ கொலையுண்டதைத் தொடர்ந்து கெடுபிடிகள் மிகுந்தன, யான் கைதுசெய்யப்பட்டார். 1820 இல் பிரசியாவில் உடற்பயிற்சி முற்றங்கள் தடைசெய்யப்பட்டன. அத்தடை 1842 வரை நீடித்தது.

தடை நீங்கியதும் சங்கங்கள் பெருகின. 'புத்துணர்வு, பக்தி, மகிழ்ச்சி, விடுதலை' என்னும் பொருள்தரும் நான்கு ஜேர்மன் சொற்கள் அவற்றின் மகுடவாசகமாயின. நான்கும் ஒரே எழுத்தில் தொடங்குவன. அந்நான்கு எழுத்துக்களையும் சிலுவை வடிவிற் கோத்த இலச்சினை 1840களில் வழக்கிற்கு வந்தது. ஊர்ப்பெயரோ தலைவர் பெயரோ இன்றி, எழுத்துக்களாலான ஒரு குறியைக் கண்ட மாத்திரத்தே 'இவன் நம்மவன்' என்று அயலூரானை அறிந்துகொள்ள அது உதவியது. இன்றைய கொத்துக்குறியின் தொழிற்பாடும் அடிப்படையில் இதுவேயாகும். 1848 ஆம் ஆண்டுப் புரட்சி தோல்வியுற்றபின் அமெரிக்காவிற்குப் புலம்பெயர்ந்த சங்கத்தினர் இக்குறியையும் தம்முடன் எடுத்துச் சென்றனர். அடிமைமுறையை எதிர்த்த அவர்களுட் பலர் பின்னர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் பக்கம் நின்று போரிட்டனர்.

2. குறியைத் திருத்திய தொழிலாளர்

1862 பெப்ரவரியில் பிராக் நகரில் மிரோஸ்லாவ் டிர்ஷ், யின்ட்ரிக் ஃபியூக்னர் ஆகிய இருவரும் 'சொக்கோல்' என்னும் சங்கத்தை நிறுவினர். செக் மொழியில் அச்சொல் வல்லூற்றைக் குறிக்கும். ஆஸ்திரியப் பேரரசின் கீழ் வாழ்ந்த செக் மக்கள் அரசியல் உரிமை கோரத் தயங்கிய வேளையில் உடற்பயிற்சி உரிமையைப் பயன்படுத்தி ஒன்றுதிரண்டனர் எனலாம். உறுப்பினர் ஒருவரையொருவர் 'சகோதரர்' என விளித்தனர். சிவப்புச் சட்டையும் தமக்கெனக் கொண்ட வாழ்த்துச்சொல்லும் அவர்களை இனங்காட்டின. 1882 இல் நடைபெற்ற முதலாவது பெருவிழாவிற் சில நூற்றுவரே பங்குபற்றினர். பின்வந்த தலைமுறைகளில் அவ்விழாக்கள் பல்லாயிரம் உடல்கள் ஒருங்கசையும் பேரரங்குகளாயின.

ஜேர்மனியிலே வேறொரு திருப்பம் நிகழ்ந்தது. கைத்தொழில் விருத்தியோடு பழைய உடற்பயிற்சிச் சங்கங்கள் பேரரசு விசுவாசத்தின் கோட்டைகளாக மாறியிருந்தன. சமவுடைமை இயக்கத்தைச் சார்ந்த தொழிலாளருக்கு அங்கு மூச்சுமுட்டியது. அவர்கள் வெளியேறி 1893 இல் கேரா நகரிற் கூடித் தொழிலாளர் உடற்பயிற்சி ஒன்றியத்தை அமைத்தனர். பழைய நால்வகை மகுடவாசகத்தை அவர்கள் அப்படியே ஏற்கவில்லை. 'பக்தி', 'மகிழ்ச்சி' என்பவற்றை நீக்கிப் 'புத்துணர்வு, விடுதலை, வலிமை, விசுவாசம்' என்று மாற்றியமைத்தனர். இலச்சினையின் எழுத்துக்களும் அதற்கேற்ப மாறின. குறி என்பது மேலிருந்து வழங்கப்படும் முத்திரை அன்று, உறுப்பினர் விவாதித்துத் திருத்தக்கூடிய பொதுச்சொத்து என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவ்வுரிமை மோதல்களையும் உள்ளடக்கியிருந்தது. 1928 இல் அவ்வொன்றியத்திலிருந்து பொதுவுடைமையாளர் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் தமக்கென வேறோர் அமைப்பைக் கண்டனர். கசப்பான பிளவுதான். ஆயினும் அது மாநாடுகளிலும் தீர்மானங்களிலும் பத்திரிகைகளிலும் வெளிப்படையாக நிகழ்ந்தது. 1925 இல் பிராங்க்பேர்ட்டிலும் 1931 இல் வியென்னாவிலும் தொழிலாளர் ஒலிம்பிக் விழாக்கள் நடைபெற்றன. 1933 இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் அவ்வொன்றியத்தைக் கலைத்து உடைமைகளைப் பறித்தனர்.

சொக்கோலின் வரலாறும் தடைகளின் வரலாறே. 1915 இல் ஆஸ்திரிய அரசும், 1941 இல் நாஜிகளும் அதனைக் கலைத்தனர். 1948 இன் பின் பொதுவுடைமைக் கட்சி அரசும் அதனைத் தன் அமைப்புக்குள் கரைத்து, 1955 முதல் அரசே நடத்தும் பெருவிழாக்களால் அதன் இடத்தை நிரப்பியது. மக்களின் பெயரால் அமைந்த ஆட்சியும் மக்களின் சங்கத்தைத் தாங்கிக்கொள்ளவில்லை என்பதை முற்போக்காளர் மனங்கொள்ளல் வேண்டும். ஆயினும் 1990 இல் அச்சங்கம் மீண்டும் எழுந்தது. உறுப்பினர் சந்தாவினாற் கட்டிய மண்டபங்கள் பல ஊர்களில் நிலைத்திருந்தன. புலம்பெயர்ந்தோர் பிறநாடுகளிற் கிளைகளைப் பேணியிருந்தனர். முதியோர் ஒருவரையொருவர் பெயரால் அறிந்திருந்தனர். குறி மூன்றுமுறை தடைசெய்யப்பட்டும் அழியாமைக்கு இவையே காரணங்களாம்.

3. அலைவரிசையும் ஒளிநாடாவும்

ஓரிடத்திற் கூடாமலே ஒருங்கு பயிலும் வாய்ப்பினை வானொலி அளித்தது. அமெரிக்காவில் மெட்ரோபொலிற்றன் ஆயுட்காப்புறுதிக் கம்பனி 1925 முதல் வானொலியில் உடற்பயிற்சி நிகழ்ச்சியை நடத்தியது. காப்புறுதி செய்தோர் நீண்டகாலம் வாழ்வது கம்பனிக்கு இலாபம் என்னும் கணக்கு அதன் பின்னணியில் இருந்தது. அதனைக் கண்ட ஜப்பானிய அஞ்சற்றுறைக் காப்புறுதிப் பகுதியினர் முன்னின்று உழைத்ததன் விளைவாக, 1928 நவம்பர் 1 ஆம் திகதி ஜப்பானில் வானொலி உடற்பயிற்சி தொடங்கியது. 1930களிற் போர்வெறி அரசு அதனை மக்களைத் திரட்டும் கருவியாக்கியது. அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் இடைநின்ற நிகழ்ச்சி 1951 இற் புதிய வடிவில் மீண்டது.

இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. குரல் தலைநகரிலிருந்து வந்தது. குழுமமோ தெருமுனையில் உருவாயிற்று. கோடை விடுமுறைக் காலைகளில் ஜப்பானியச் சிறுவர் அயற்பூங்காக்களில் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்று பயின்றனர். வருகைக்குச் சான்றாக ஒவ்வொருவரது அட்டையிலும் நாள்தோறும் முத்திரை இடப்பட்டது. முத்திரையிட்டவர் அயலில் வாழ்ந்த பெரியவர். வாராத பிள்ளையைத் தேடி விசாரிக்கக்கூடியவர்.

ஒளிநாடா அவ்வயலையும் அகற்றியது. நடிகை ஜேன் பொண்டா 1979 இல் கலிபோர்னியாவிற் பயிற்சிக்கூடம் ஒன்றைத் திறந்தார். 1982 இல் அவரது முதலாவது உடற்பயிற்சி ஒளிநாடா வெளிவந்தது. அவரும் அவரது கணவர் டொம் ஹேடனும் சார்ந்திருந்த பொருளாதாரச் சனநாயகத்திற்கான இயக்கத்திற்கு நிதி தேடுவதே அத்தொழிலின் தொடக்க நோக்கமாக இருந்தது. பயிற்சிக்கூடத்திற்குச் செல்ல நேரமோ பணமோ துணிவோ இல்லாத பெண்கள் வீட்டுக்கூடத்திலே பயிலும் வாய்ப்பினைப் பெற்றனர். அது மெய்யான பேறு. ஆனால் நாடாவை வாங்கிய பெண்ணுக்கு, அதே வேளையில் அதே அசைவைச் செய்யும் மற்றொரு பெண்ணைக் காணவோ அழைக்கவோ வழியிருக்கவில்லை. பயிற்சி பெருகியது; குறி இல்லாமற் போயிற்று. கொத்துக்குறி நிரப்பிய வெற்றிடம் இதுவே.

4. எவருக்கும் உரியதல்லாத குறி

நெடுங்கோடுகள் இரண்டும் குறுக்குக்கோடுகள் இரண்டும் வெட்டிநிற்கும் அக்குறி, 1988 இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்காரினன் உருவாக்கிய இணைய உரையாடல் முறைமையிலே உரையாடற் களங்களின் பெயருக்கு முன்னொட்டாக வழங்கியது. அதனை டுவிட்டரிற் குழுக்களை இணைக்கப் பயன்படுத்தலாம் என 2007 ஓகஸ்ட் 23 ஆம் திகதி கிறிஸ் மெசினா என்பார் முன்மொழிந்தார். அக்கம்பனி முதலில் ஆர்வங்காட்டவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரிற் சான்டியேகோப் பகுதியிற் காட்டுத்தீ பரவியபோது மக்கள் செய்தி பகிர அதனைக் கையாண்டனர். 2009 இற்றான் டுவிட்டர் கொத்துக்குறிகளைத் தன் தேடலோடு இணைத்தது. மெசினா காப்புரிமை கோரவில்லை. அது எவருடைய உடைமையும் ஆதல் கூடாது என்பது அவர் நிலைப்பாடு.

ஆகவே குறியைப் படைத்தோர் யாவர் என்னும் முதல்வினாவிற்கு இக்கட்டத்தில் நம்பிக்கைதரும் விடையே கிடைக்கின்றது. எவரும் எவரையும் கேளாது ஒரு குறியைப் படைக்கலாம். சங்கப் பதிவோ மண்டபமோ நிதியோ வேண்டியதில்லை. இரவுப்பணி முடித்த தாதியும், கைக்குழந்தையோடு வீட்டில் அடைபட்ட தாயும் தம்மையொத்தாரை நொடிப்பொழுதிற் கண்டடையலாம். பழைய சங்கங்களின் வாயில்கள் இத்தகையோருக்குப் பெரும்பாலும் திறந்திருக்கவில்லை என்பதையும் இவ்விடத்து நினைவுகூர்தல் தகும்.

5. 2020: மூன்று காட்சிகள்

பெருந்தொற்றினால் உலகம் வீடுகளுக்குள் முடங்கிய 2020 ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். அவ்வாண்டின் மூன்று நிகழ்வுகளை ஒப்புநோக்குதல் பயன்தரும்.

முதலாவது பிரித்தானியாவில் நிகழ்ந்தது. பாடசாலைகள் மூடப்பட்டதும் மார்ச் 23 முதல் ஜோ விக்ஸ் என்னும் பயிற்றுநர் சிறுவருக்கான உடற்பயிற்சி வகுப்பினை யூடியூபில் இலவசமாக நடத்தினார். மறுநாள் வகுப்பினை ஒரேவேளையில் 955,185 பார்வைக் கணக்குகள் பின்தொடர்ந்தமை கின்னஸ் பதிவாயிற்று. வகுப்பின் பெயரே கொத்துக்குறியாயிற்று. பிள்ளைகள் வீட்டில் துள்ளும் படங்களைப் பெற்றோர் அதன்கீழ்ப் பகிர்ந்தனர். ஜப்பானியச் சிறுவரின் முத்திரை அட்டைக்கு இது ஒருவகையில் நிகரானது.

இரண்டாவது அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தைச் சார்ந்தது. 2020 பெப்ரவரி 23 ஆம் திகதி பிரன்சுவிக் நகருக்கருகே மெல்லோட்டம் சென்ற அகமுட் ஆர்பெரி என்னும் 25 வயதுக் கறுப்பின இளைஞர் வெள்ளையர் மூவராற் துரத்தப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார். இரு மாதங்களுக்கு மேலாக எவரும் கைதுசெய்யப்படவில்லை. 'மோடுடன் நான் ஓடுகிறேன்' என்னும் பொருள்தரும் கொத்துக்குறியை அவருடைய முன்னாள் விளையாட்டுப் பயிற்றுநர்களுள் ஒருவரும் நண்பரும் பரப்பினர். மே மாதத் தொடக்கத்திற் கொலையின் காணொளி வெளிவந்தது; மே 7 இல் இருவர் கைதாயினர். மறுநாள், அவர் உயிரோடிருந்திருப்பின் 26 வயதை எய்தியிருக்கக்கூடிய நாளில், கொலைநாளைக் குறிக்கும் வகையில் 2.23 மைல் தூரத்தைப் பலர் தத்தம் ஊர்த்தெருக்களில் ஓடினர். 2021 நவம்பரில் மூவரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். ஓடுதல் என்னும் எளிய உடற்பயிற்சி, ஒரு குறியின் துணையால் நீதிகோரும் கூட்டுச் செயலாயிற்று.

மூன்றாவது பெலோட்டன் என்னும் கம்பனியைப் பற்றியது. 2012 இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்ட இக்கம்பனி, திரை பொருத்திய நிலைமிதிவண்டியை விற்று, மாதச் சந்தாவிற்கு நேரடி வகுப்புக்களை ஒளிபரப்பியது. 2020 ஏப்ரல் 22 இற் பயிற்றுநர் ஒருவர் தம் வீட்டிலிருந்து நடத்திய வகுப்பில் 23,000 இற்கும் அதிகமானோர் ஒருங்கே மிதித்தனர். அவ்வாண்டே உறுப்பினர் தத்தம் பெயரோடு கொத்துக்குறிகளைப் பொறிக்கும் வசதி அறிமுகமாயிற்று. முன்னணிப் பட்டியலை ஒரு குறியைக் கொண்டு வடிகட்டித் தம் குழுவினரை மாத்திரம் காணவும் முடிந்தது. தாய்மார், தாதியர், ஆசிரியர் எனக் குழுக்கள் தோன்றின. கறுப்பின மக்களின் உயிர்க்கும் மதிப்புண்டு என்னும் முழக்கமும் மிதிவண்டித் திரையிற் குறியாயிற்று.

6. இடம் யாருடையது?

மூன்றாவது காட்சியிலேதான் கொத்துக்குறியின் உள்முரண்பாடு தெளிவாகப் புலப்படுகின்றது. 2020 ஒக்டோபரிற் கியூஅனன் என்னும் சதிக்கோட்பாட்டுக் கும்பலின் குறிகளையும், 2021 ஜனவரியில் அமெரிக்கத் தேர்தல் முடிவை மறுத்தோரின் குறியையும் பெலோட்டன் நீக்கியது. இவற்றின் நீக்கத்திற்கு முற்போக்காளர் எவரும் வருந்தார். ஆனால் வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய வினா வேறு. அத்தீர்மானத்தை எடுத்தவர் யாவர்? உறுப்பினர் கூட்டம் ஒன்று கூடியதா? 1893 இற் கேராவிலோ 1928 இன் கசப்பான பிளவின்போதோ உறுப்பினர் கொண்டிருந்த வாக்குரிமை இங்கு எவருக்கும் இருக்கவில்லை. இன்று நாம் விரும்பாத குறியை அழித்த கை, நாளை நாம் விரும்பும் குறியையும் அதே எளிமையோடு அழிக்கவல்லது.

இரண்டாவதாக, குழுமம் இங்கு வணிகக் கணக்கின் ஒரு கூறாகும். மாதந்தோறும் சந்தாவை நிறுத்துவோர் வீதம் இக்கம்பனி முதலீட்டாளருக்குத் தொடர்ந்து எடுத்துக்காட்டிய அளவைகளுள் ஒன்று. 2020 நிதியாண்டில் அது ஒரு சதவீதத்திற்கும் குறைவு. நண்பர்கள் இருக்குமிடத்தை விட்டு எவரும் எளிதில் அகலார். அவ்வகையில் உறுப்பினர் ஒருவரையொருவர் தேடி, பாராட்டி, ஆறுதல் கூறி உருவாக்கிய உறவு, ஊதியம் பெறாத உழைப்பாகிக் கம்பனியின் வருவாயைக் காத்தது. 2022 ஜூனில் அமெரிக்க மாதச் சந்தா 39 டொலரிலிருந்து 44 டொலராக உயர்த்தப்பட்டபோது அவ்வுறவும் விலையின் ஓர் அங்கமாயிற்று.

மூன்றாவதாக, இக்குழுமத்தின் வேலி எங்கு போடப்பட்டது என்பதை 2022 பெப்ரவரி காட்டியது. கம்பனி ஏறத்தாழ 2,800 ஊழியரைப் பணிநீக்கியது. நீக்கப்பட்டோருக்கு ஓராண்டு வகுப்புச் சந்தா இலவசமாக வழங்கப்பட்டது. மறுநாள் நடைபெற்ற இணையவழி ஊழியர் கூட்டத்தினுள் நீக்கப்பட்டோர் சிலரும் நுழைந்து தம் சினத்தை உரையாடற் பகுதியில் எழுதினர் எனச் செய்திகள் கூறின. மிதிவண்டியைக் கட்டியோர்க்கும் கொண்டுசேர்த்தோர்க்கும் உறுப்பினரோடு ஒன்றுகூட ஒரு குறி இருக்கவில்லை. ஒரே வகுப்பின் இருமருங்கிலும் நின்றோரை ஒருவருக்கொருவர் தெரியாதவாறு வைத்திருப்பதில் அவ்வமைப்பு வெற்றிபெற்றிருந்தது.

முதலிரு காட்சிகளும் தனியார் கம்பனிகளின் தளங்களிலேயே நிகழ்ந்தன என்பது உண்மையே. எனினும் ஜோர்ஜியா நிகழ்விற் குறி திரையைக் கடந்து தெருவிற்கு இறங்கியது. ஓடியவர்க்கு ஊர் இருந்தது, அயலார் இருந்தனர், நீதிமன்ற வாயிலில் நிற்கும் குடும்பம் ஒன்றிருந்தது. குறியைத் தளம் அழித்திருப்பினும் அவர்கள் ஒருவரையொருவர் மீண்டும் கண்டடைந்திருப்பர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். பழைய சங்கங்களிற் குறியும் இடமும் உறுப்பினர் கையிலேயே இருந்தன. ஆதலால் அவற்றை ஒடுக்க அரசுக்குப் பொலிசும் சட்டமும் வேண்டியிருந்தன. கொத்துக்குறியின் காலத்திற் குறி எல்லோர்க்கும் உரியதாயிற்று; இடம் சிலருடைய தனியுடைமையாயிற்று. குழுமத்தைக் கலைப்பதற்கு இப்போது தடைச்சட்டம் தேவையில்லை. விதியொன்றை மாற்றினாலோ விலையொன்றைக் கூட்டினாலோ கணக்கொன்றை மூடினாலோ போதும்.

இதனாற் கொத்துக்குறியைக் கைவிடுதல் வேண்டும் என்பது பொருளன்று. தனிமைப்பட்ட மனிதர் ஒருவரையொருவர் கண்டடைய இதனினும் விரைவான வழியை இதற்கு முந்திய எந்தக் காலமும் அறிந்திருக்கவில்லை. ஆனால் கண்டடைதல் வேறு, நிலைபெறுதல் வேறு. இணையவழி உடற்பயிற்சிக் குழு எதுவாயினும் தன் உறுப்பினரின் பெயர்ப்பட்டியலைத் தானே பேணுதலும், தன் விதிகளைத் தானே கூடித் தீர்மானித்தலும், ஆண்டிற்கு ஒருமுறையேனும் திரைக்கு வெளியே ஓரிடத்திற் சந்தித்தலும் அவசியம். மண்டபம் கட்டும் வசதி எல்லோர்க்கும் இராது. பெயர்ப்பட்டியல் ஒன்றைப் பேணும் வசதி எல்லோர்க்கும் உண்டு. மூன்று தடைகளைத் தாண்டி 1990 இல் மீண்டெழுந்த சொக்கோல் உறுப்பினர், தம் பழைய தோழரின் வீட்டுக்கதவு எது என்பதை அறிந்திருந்தனர். தம் குறி நாளையே மறைந்தாலும் ஒருவரையொருவர் எங்ஙனம் தேடிச்செல்வர் என்ற கேள்விக்கு விடைகூறக்கூடிய குழுவே, குழுமம் என்னும் பெயருக்கு உரியதாகும்.